விறகுக்கும் ஒரு சக்கரம்

(ஓசூரில் பட்டறைத் தொழிலாளர்கள், ஐ.டி.ஐ. மாணவர்கள், சுய உதவிக் குழுப் பெண்கள் ஆகியோர் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விறகை அடுக்கி வைக்கவும், அடுக்கியபடியே தள்ளிக்கொண்டு போகவும் உதவுகிற ஒரு வண்டியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். ஓர் இரும்புச் சட்டம், சில சக்கரங்கள், ஒரு கைப்பிடி. இதற்கு ஒரு சொற்பொழிவா என்று நினைப்பவர்களிடம் ஒரு கேள்வி கேட்கிறேன். நம் ஊர் சிப்காட் தொழில் வளாகத்தில் நல்ல முறையில் நடக்கும் தொழிற்சாலை எதற்குள்ளாவது, ஒரு தொழிலாளி இருபத்தைந்து கிலோ பொருளைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு கிலோமீட்டர் நடப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு பெட்டி நட்டு நகர வேண்டுமென்றாலும் அங்கே டிராலி இருக்கிறது. அந்த ஆலையின் மதில் முடிந்து, தேன்கனிக்கோட்டைச் சாலையில் அரைமணி நேரம் போனால், சும்மாடு கூட்டி, விறகுக் கட்டைத் தலையில் ஏற்றி, கழுத்து நரம்பு புடைக்க நடந்து வரும் பெண்களைப் பார்க்கிறோம். இரண்டும் ஒரே மாவட்டம். பல வீடுகளில் இரண்டும் ஒரே குடும்பம். மகன் ஆலையில் டிராலி தள்ளுகிறான், தாய் காட்டோரத்திலிருந்து தலைச்சுமையோடு வருகிறாள்.

இந்த இடைவெளியைப் பற்றித்தான் நான் கவலைப்படுகிறேன்.

ஓசூருக்கு ஆலைகள் வந்து ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. 1970களில் சிப்காட் வளாகம் எழுந்தது. 1980இல் இங்கிருந்துதான் டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தது. அதே காலத்தில் அசோக் லேலண்டின் லாரிகள், பிறகு டைட்டன் கைக்கடிகாரங்கள். அவற்றைச் சுற்றி ஆயிரக்கணக்கான லேத் பட்டறைகள், பிரஸ் ஷாப்கள், வெல்டிங் கடைகள். 2002இல் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் ஜப்பானின் டெமிங் விருதைப் பெற்றது. தரத்துக்காகக் கொடுக்கப்படும் அந்த விருதுக்குப் பின்னால், தொழிலாளிகளே தங்கள் வேலையில் கண்டுபிடித்துச் சொன்ன சின்னச் சின்ன மாற்றங்கள் நிறைய உண்டு. அதைக் கைசென் என்கிறோம். குனியாமல் எடுக்கும்படி பெட்டியின் உயரத்தை மாற்றுவது, நடக்கும் தூரத்தைக் குறைப்பது, ஒரு பொருளை இரண்டு முறை தொடாமல் பார்த்துக்கொள்வது. இந்த அறிவு நம் ஊர்த் தொழிலாளிகளின் கையில் இருக்கிறது. ஆலை வாசலில் அடையாள அட்டையைக் காட்டி வெளியே வரும்போது இந்த அறிவை உள்ளேயே விட்டுவிட்டு வருகிறோம் என்பதுதான் என் குறை.

சட்டமும் இதே கோட்டைத்தான் போட்டது. 1948இன் தொழிற்சாலைச் சட்டம் தன் 34ஆம் பிரிவில், காயம் உண்டாக்கக்கூடிய அளவு பாரத்தை எந்தத் தொழிலாளியும் தூக்கவோ சுமக்கவோ நகர்த்தவோ வைக்கக்கூடாது என்றது. 1967இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, ஒருவர் சுமக்கும் எடைக்கு வரம்பு வேண்டும் என்று ஓர் உடன்படிக்கையையே கொண்டுவந்தது. கூடவே வந்த பரிந்துரை, வளர்ந்த ஆணுக்கு 55 கிலோ, பெண்ணுக்கு அதைவிட நன்றாகக் குறைவு என்று சொன்னது. இந்தியா 2010இல் அந்த உடன்படிக்கையை ஏற்றது. ஆனால் தன் வீட்டு அடுப்புக்காக விறகு சுமப்பவள் எந்தச் சட்டத்தின் கணக்கிலும் தொழிலாளி இல்லை. அவளுக்கு ஆய்வாளர் வரமாட்டார். நாம்தான் வர வேண்டும்.

இந்தக் காலத்தில் விறகு எதற்கு, கேஸ் இருக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 2016 மே முதல் தேதி தொடங்கிய உஜ்வலா திட்டமும், அதற்கு முன்பே தமிழக அரசு கொடுத்த இலவச கேஸ் அடுப்புகளும் பல இலட்சம் வீடுகளுக்குப் போயிருக்கின்றன. அவை போக வேண்டும், இன்னும் போக வேண்டும். வீட்டுக்குள் எரியும் அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு விறகடுப்பைப் புகழ்ந்து பேச எனக்கு மனம் வராது.

ஆனால் நடைமுறையைப் பாருங்கள். சிலிண்டர் இருக்கும் வீட்டிலும் கொல்லையில் வெந்நீர் அடுப்பு எரிகிறது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3000 அடி உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதக் குளிரில் வெந்நீர் இல்லாமல் குழந்தைகளைக் குளிப்பாட்ட முடியாது. அந்தத் தண்ணீரை கேஸில் காய வைத்தால் சிலிண்டர் எத்தனை நாள் வரும்? ராகிக் களி கிண்டுவதற்கும் பல வீடுகளில் விறகுதான். ஊருக்குள் பிரியாணிக் கடைகள், கல்யாண மண்டபச் சமையற்கட்டுகள், டீக்கடைகளில் சிலவும் விறகை நம்பியிருக்கின்றன. பட்டுப்புழு வளர்ப்பவர்கள் இலை தின்ற பிறகு மிஞ்சும் மல்பெரிக் குச்சியைக் கட்டி வைக்கிறார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்புகளில் கவாத்து செய்த கிளைகள், காவேரிப்பட்டினத்துத் தென்னையின் மட்டையும் பாளையும், வேலியோரத்துச் சீமைக்கருவேலம், தைலமரம், சவுக்கு. விறகு இன்னும் நம்மோடு இருக்கிறது. அது இருக்கும் வரை அதைச் சுமக்கிற உடம்பைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும்.

நம் முன்னோர் இதை யோசிக்காமல் இல்லை. பழைய பாதைகளில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நிறுத்தும் வழக்கம் தமிழ்நாடெங்கும் உண்டு. இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, வழியில் போகிறவர்களின் சுமையை இறக்க ஓர் இடம். அந்தக் கல்லின் உயரத்தை ஒரு பட்டறைக்காரனின் கண்ணோடு பாருங்கள். அது ஏறத்தாழ நம் தோளுயரத்தில் இருக்கும். தலைச்சுமைக்காரர் குனியாமல், துணைக்கு ஆள் தேடாமல், சுமையை அப்படியே நகர்த்தி வைக்கலாம், பிறகு அப்படியே எடுத்துக்கொண்டும் போகலாம். சுமப்பதைவிடத் தரையிலிருந்து தூக்குவதும் தரையில் இறக்குவதும்தான் முதுகை முறிக்கும் என்பதை அந்தக் கல்லை நட்டவர் அறிந்திருந்தார்.

விறகு வண்டியின் முதல் பாடமும் அதுதான். நாம் வண்டி என்றதும் தூரத்தைப் பற்றியே நினைக்கிறோம். உண்மையில் தொல்லை, ஒரே விறகைத் திரும்பத் திரும்பத் தூக்குவதில் இருக்கிறது. ஒரு வீட்டில் 100 கிலோ விறகு வந்து இறங்குகிறது என்று வையுங்கள். இறக்கிப் போடுகிறோம். பிளந்ததை அள்ளி வெயிலில் பரப்புகிறோம். வானம் கறுத்தால் ஓடிப்போய் வாரித் தாழ்வாரத்தில் போடுகிறோம். மறுநாள் மறுபடியும் வெயிலுக்கு. பிறகு கொட்டகையில் அடுக்குகிறோம். அங்கிருந்து தினமும் அடுப்படிக்கு. ஐந்து முறை கைமாறினால் அந்த வீட்டுப் பெண் 500 கிலோ தூக்கியிருக்கிறாள். வண்டியே அடுக்காக இருந்துவிட்டால், பிளந்ததும் ஒருமுறை அடுக்குகிறோம், பிறகு அடுப்பில் வைக்கும்போதுதான் கை படுகிறது. இடையில் நடப்பதெல்லாம் சக்கரத்தின் வேலை.

இதில் இன்னொரு பெரிய ஆதாயம் ஒளிந்திருக்கிறது. அது காய்தல். பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். ஈரம் பாதியாக இருக்கும் விறகு ஒரு கிலோ எரிந்தால் நமக்குக் கிடைக்கும் சூடு 1900 கிலோ கலோரி அளவில் இருக்கும். அதையே ஈரம் 20 சதவீதத்துக்கு வரும்வரை காயவைத்தால், ஒரு கிலோவுக்கு 3400 வரை கிடைக்கும். பச்சை விறகில் நெருப்பு முதலில் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கிவிட்டுத்தான் உங்கள் பானைக்கு வருகிறது. கண்ணெரியும் புகையும் அதனால்தான். எடையும் பாருங்கள். 100 கிலோ பச்சை விறகு, அந்த அளவுக்குக் காய்ந்தால் 62 கிலோவாகிவிடும். மீதி 38 கிலோ தண்ணீர். நம் பகுதிக்கு மே மாத இடிமழையும் உண்டு, தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. விறகு காய விடாத வானம். காலையில் வெயிலுக்குத் தள்ளி, மாலையில் கூரைக்கடியில் தள்ளும் வசதி ஒரு குழந்தைக்கும் இருந்தால், இந்த ஊரிலும் விறகு காயும்.

இனிப் பட்டறைக்குள் போவோம். முதலில், சிமெண்டுத் தரையில் ஓடும் வண்டி. மண்டபம், ஓட்டல், தளம் போட்ட வீட்டு முற்றம் ஆகியவற்றுக்கு இது.

விறகை ஒன்றரை அடி நீளத்தில் வெட்டுவது வழக்கம். ஆகவே அடுக்கின் அகலம் 45 சென்டிமீட்டர் போதும். கொஞ்சம் குறைந்து, விறகின் நுனி இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் நல்லதுதான், மரத்தின் ஈரம் பெரும்பாலும் வெட்டுமுகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. நீளம் 90 சென்டிமீட்டர், உயரம் 90 சென்டிமீட்டர். அடிச்சட்டத்துக்கு 40 மில்லிமீட்டர் ஆங்கிள், 5 மில்லிமீட்டர் கனம். அது மீட்டருக்கு 3 கிலோ எடை வரும். நிற்கும் கால்களுக்கு 25 மில்லிமீட்டர் சதுரக் குழாய் போதும். இரண்டு முனைகளிலும் தடுப்பு வேண்டும், நீளவாட்டில் இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும். அடியில் தகடு அடிக்காதீர்கள். குறுக்குச் சட்டம் மூன்று போட்டு இடைவெளி விடுங்கள். கீழிருந்து காற்று ஏற வேண்டும், மண்ணும் பட்டைத் தூளும் கொட்டிப்போக வேண்டும். தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்து நிற்கும் அடுக்கில் கரையான் எளிதில் ஏறாது. தேளும் கட்டுவிரியனும் குடியிருக்க இடம் குறையும். விறகுக் குவியலுக்குள் கையை விட்டுக் கடிபட்டவர்கள் இல்லாத கிராமம் நம் பக்கம் குறைவு. இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த வண்டியைச் செய்யலாம் என்பேன்.

இந்த அளவில் ஓர் அடுக்கு நிறையக் காய்ந்த சவுக்கு ஏற்றினால் 180 கிலோ அளவுக்கு வரும். இடையில் காற்று இருப்பதால் அடுக்கின் கொள்ளளவில் ஏறத்தாழ அறுபது சதவீதம்தான் மரம். சட்டமும் சக்கரமும் சேர்த்து 25, 30 கிலோ. ஆக 210 கிலோ. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். நான்கு சக்கரம், ஆளுக்கு 50 கிலோ என்று வகுத்து, அதற்கேற்ற காஸ்டர் சக்கரம் வாங்குகிறார்கள். எந்தத் தளமும் சமமாக இருக்காது. ஒரு சக்கரம் எப்போதும் கொஞ்சம் தூக்கிக்கொண்டுதான் நிற்கும். பாரத்தை மூன்றால் வகுங்கள், அதற்கு மேலும் கொஞ்சம் சேர்த்து, ஒவ்வொரு சக்கரமும் 100 கிலோவுக்குக் குறையாமல் தாங்குவதாக வாங்குங்கள். 6 அங்குலச் சக்கரம். இரண்டு திரும்பாதது, இரண்டு திரும்புவது, திரும்பும் இரண்டிலும் பிரேக்.

சாய்ந்துவிடும் ஆபத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. 45 சென்டிமீட்டர் அகலத்தில் சக்கரங்களை வைத்தால், நிறைந்த வண்டி 20 பாகைச் சாய்விலேயே கவிழும். அடிச்சட்டத்தின் குறுக்குக் கம்பிகளை வெளியே நீட்டி, சக்கரங்களுக்கு இடையே 60 சென்டிமீட்டராவது இருக்கும்படி வையுங்கள். கனமான கட்டைகள் கீழே, சுள்ளியும் மிலாறும் மேலே. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் உயரத்தையும் குறைத்துவிடுங்கள். ஒரு பிள்ளை ஏறித் தொங்கினால் என்ன ஆகும் என்பதைச் செய்யும்போதே நினைத்துப் பார்ப்பதுதான் நல்ல கைவேலை.

துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. குழாய் மிச்சம் கிடக்கிறது என்று அதையே எடுத்து வெல்டிங் அடிக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. அந்த வெள்ளைப் புகை துத்தநாகப் புகை. மூச்சில் போனால் அன்றிரவு குளிர்க்காய்ச்சல் அடிக்கும். வெல்டிங் போடும் இடத்தில் பூச்சை கிரைண்டரில் எடுத்துவிடுங்கள், திறந்த வெளியில் வேலை செய்யுங்கள். முடிந்தால் கறுப்புக் குழாயே வாங்கி, ரெட் ஆக்சைடு இரண்டு கை அடியுங்கள்.

சிமெண்டுத் தரையில் இந்த வண்டியைத் தள்ள நான்கைந்து கிலோ தூக்கும் அளவு பலம் போதும். ஆறாம் வகுப்புப் பிள்ளையும் தள்ளும். அதையே மண் தரையில் இறக்குங்கள். 20 கிலோ அளவு பலம் கேட்கும். பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறும் சரிவில் இன்னொரு 17 கிலோ கூடும். மழை பெய்த செம்மண்ணில் சின்னச் சக்கரம் புதைந்தே போகும். ஆலையில் ஓடும் டிராலியை அப்படியே ஊருக்குக் கொண்டுபோனால் ஏன் தோற்கிறது என்பதற்கு இதுதான் காரணம். ஆலையில் தரை நமக்காகத் தயாராக இருக்கிறது. ஊரில் சக்கரம்தான் தரைக்குத் தயாராக வேண்டும்.

மண்ணுக்கு வேறு வண்டி. இதற்கு இந்த ஊரே விடை வைத்திருக்கிறது. மொபெட் சக்கரம். பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டிகள் பழைய இரும்புக் கடைக்குப் போகும்போது, அவற்றின் சக்கரங்கள் பெரும்பாலும் நல்ல நிலையிலேயே போகின்றன. 16 அங்குல விளிம்பு, டயரோடு சேர்த்து ஏறத்தாழ 21 அங்குலம். தமிழ்நாட்டு விவசாயி அந்த வண்டியில் புல் கட்டும் பால் கேனும் நெல் மூட்டையும் ஏற்றி ஓட்டியதை நாற்பது ஆண்டுகளாகப் பார்க்கிறோம். அதன் பாரம் தாங்கும் திறனைப் பற்றி நான் சாட்சி சொல்ல வேண்டியதில்லை.

பெரிய சக்கரத்தின் பலனை ஒரு கணக்கில் காட்டுகிறேன். வழியில் ஓர் அங்குல உயரத்தில் ஒரு கல், அல்லது நிலைப்படி. 3 அங்குலச் சக்கரம் அதை ஏற வேண்டுமென்றால், அந்தச் சக்கரத்தின் மேல் இருக்கும் பாரத்தைப் போல இரண்டே முக்கால் மடங்குக்கு மேல் தள்ள வேண்டும். நடக்காது, வண்டி குப்புற விழும். 21 அங்குலச் சக்கரத்துக்குப் பாரத்தில் பாதிக்கும் குறைவான பலம் போதும். ஆறில் ஒரு பங்கு. வேறு எந்த மாற்றமும் இல்லை, சக்கரம் மட்டும் பெரிதாகிறது.

இரண்டு மொபெட் சக்கரம், நடுவில் தாழ்வான அடுக்கு, பின்னால் கைப்பிடி, நிறுத்தும்போது ஊன்ற இரண்டு கால். பாரம் 120 கிலோவுக்குள் வையுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம். மொபெட்டில் அந்தச் சக்கரத்தின் அச்சை இரண்டு பக்கமும் கவை பிடித்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் பிடித்து, மறுபக்கத்தை அந்தரத்தில் விட்டால், அந்த மெல்லிய அச்சு வளைந்துவிடும். சக்கரத்துக்கு வெளியே இன்னொரு சட்டம் ஓட்டி, அச்சின் இரு முனைகளையும் தகட்டில் பிடித்து நட்டு போடுங்கள். பேரிங்கைக் கழுவிப் புது கிரீஸ் வையுங்கள். சீமைக்கருவேலங்காட்டுப் பக்கம் போகும் வண்டிக்கு முள் பெரிய எதிரி. அங்கே டியூபை நம்பாமல் கெட்டி ரப்பர் சக்கரம் போடுவது நல்லது.

அடுத்தது அச்சை எங்கே வைப்பது என்பது. பாரத்தின் நடுப்புள்ளி அச்சுக்கு நேர் மேலே வந்துவிட்டால் கையில் எடையே இருக்காது, ஆனால் வண்டி முன்னும் பின்னும் ஆடும். கொஞ்சம் கைப்பக்கம் தள்ளி இருக்க வேண்டும். 120 கிலோ பாரம், நடுப்புள்ளி அச்சிலிருந்து 6 சென்டிமீட்டர் கைப்பக்கம், கைப்பிடி 90 சென்டிமீட்டர் தூரம் என்றால், கையில் 8 கிலோ தெரியும். அந்த 6, கவனக்குறைவால் 20 ஆகிவிட்டால், கையில் 27 கிலோ. வண்டி செய்துகொடுத்தும் அவள் சுமந்துகொண்டுதான் இருப்பாள்.

சீனர்கள் இதை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டார்கள். அவர்களின் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் பெரிய சக்கரம் நடுவில் இருக்கும், பாரம் அதன் இரு புறமும் மேலும் ஏறும். கி.பி. 231இல் ஜூகே லியாங் என்ற அமைச்சர் படைக்குத் தானியம் கொண்டுபோக ‘மர எருது’ என்ற கருவியைப் பயன்படுத்தியதாக அவர்களின் வரலாறு சொல்கிறது. அதை இந்த வகைத் தள்ளுவண்டி என்றே பல அறிஞர்கள் கருதுகிறார்கள். ஐரோப்பியத் தள்ளுவண்டியில் சக்கரம் முன்கோடியில் இருக்கும். பாரத்தில் ஒரு நல்ல பங்கு தள்ளுபவரின் கையில் தொங்கும். நம் கட்டட வேலைகளில் ஓடும் இரும்புத் தள்ளுவண்டி அந்த ஐரோப்பிய வழி வந்தது. விறகுக்கு அதைப் பார்த்துச் செய்யாதீர்கள்.

பக்கத்திலிருக்கும் பெங்களூரில் நடந்த இரண்டு முயற்சிகளையும் இங்கே நன்றியோடு சொல்ல வேண்டும். இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்ய குமார் ரெட்டி 1974இல் அஸ்த்ரா என்ற ஊரகத் தொழில்நுட்ப மையத்தைத் தொடங்கினார். அவருடைய குழுவினர் துமகூரு மாவட்டக் கிராமங்களில் வீடு வீடாகப் போய், எவ்வளவு விறகு எரிகிறது, அதைச் சேர்க்க யாருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார்கள். மூன்று பாத்திரம் வைக்கும், புகைபோக்கி உள்ள அஸ்த்ரா ஒலெ அடுப்பு அந்த உழைப்பில் பிறந்தது. பெரிய விஞ்ஞானிகள் விறகை எடை போட்டார்கள். அதில் அவர்களுக்குக் கௌரவக் குறைவு ஏதும் தெரியவில்லை.

இன்னொருவர் என். எஸ். ராமசாமி, பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநர். அவர் மாட்டு வண்டியைத் தம் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். நுகத்தடி மாட்டின் கழுத்தைப் புண்ணாக்குவதையும், கட்டைச் சக்கரம் இழுவையைக் கூட்டுவதையும் காட்டி, பேரிங்கும் நல்ல சக்கரமும் பிரேக்கும் வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடினார். நிபுணர்கள் வரைந்த புதுமாதிரி வண்டிகள் பெரிய அளவில் பரவவில்லை. பரவியது டயர் வண்டி. பழைய கார், லாரிகளின் அச்சையும் டயரையும் வாங்கி, ஊர் ஆசாரியும் கொல்லரும் சேர்ந்து கட்டிய வண்டி. வாங்கும் விலையில், பழுதானால் உள்ளூரிலேயே சரிசெய்யும்படி இருந்ததால் அது நின்றது. விறகு வண்டியும் அப்படித்தான் பரவ முடியும். கடையில் பளபளவென்று விற்கும் ஒரு பொருளாக இது வந்தால் அஞ்செட்டி போன்ற ஊர்களுக்குப் போய்ச் சேராது.

காட்டைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஓசூர் வனக்கோட்டத்தில் 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது, 2022இல் காவிரி தெற்கும் வந்தது. ராகி முற்றும் காலத்தில் பன்னேருகட்டா காட்டுப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் இறங்கி வருவது நீங்கள் அறிந்ததே. தலையில் கட்டோடு, கழுத்தைத் திருப்ப முடியாமல் நடக்கும் ஒருத்திக்கு யானை நிற்பது எப்படித் தெரியும்? தெரிந்தாலும் எப்படி ஓடுவாள்? ஆகவே காட்டுக்குள் வண்டி கொண்டுபோகும் யோசனையை நான் சொல்லவில்லை. தோட்டத்தில், வேலியோரத்தில், ஏரிக்கரையில், மல்பெரிக் கொல்லையில், மாந்தோப்பில் கிடைக்கும் விறகை வீணாக்காமல் வீட்டுக்குக் கொண்டுவர ஒரு வழி இருந்தால், காட்டுக்குப் போகும் நாட்கள் குறையும். மல்பெரிக் குச்சியும் தென்னை மட்டையும் எடை குறைவு, இடம் அதிகம் அடைக்கும். தலையில் கொஞ்சம்தான் ஏறும், ஆதலால் தோட்டத்திலேயே கிடந்து மட்கும் அல்லது அங்கேயே கொளுத்தப்படும். வண்டி இருந்தால் அது அடுப்புக்கு வரும்.

இனி நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது. பட்டறையில் ஆண்கள் வண்டி செய்கிறோம், கைப்பிடியை நம் உயரத்துக்கு வைக்கிறோம், நம் கைப்பிடிக்கு ஏற்ற தடிமனான குழாயைப் போடுகிறோம். தள்ளப்போவது ஐந்தடிக்கும் குறைவான ஓர் அம்மா. தோள் உயர, மணிக்கட்டு மடங்க அவர் தள்ளுவார், நாலு நாள் தள்ளிவிட்டு ஓரமாக நிறுத்திவிடுவார். பிறகு ஊர் சொல்லும், இவர்களுக்குப் புதுசு பழகாது என்று. பழக்கத்தில் குறையில்லை, அளவெடுக்காத நம்மிடம்தான் குறை. ரவிக்கை தைக்கக்கூட அளவெடுக்கிறோம். கைப்பிடிக்கு இரண்டு மூன்று துளை போட்டு, உயரத்தை மாற்றிக்கொள்ளும்படி போல்ட் வையுங்கள். வெல்டிங்கை முதலில் பொட்டு மட்டும் வைத்து நிறுத்தி, அவரை வரவழைத்து, விறகை ஏற்றி, அவர் வீட்டு வழியிலேயே தள்ளச் சொல்லுங்கள். அவர் சொல்லும் மாற்றத்தைச் செய்துவிட்டுப் பிறகு முழு வெல்டிங் போடுங்கள். ஆலையில் வேலைப்பொருளைப் பிடித்து நிறுத்தும் ஒரு ஜிக் செய்தால் அதை ஓட்டும் தொழிலாளியிடம் கேட்காமல் முடிப்போமா?

வண்டி வந்த வீடுகளில் இன்னொரு மாற்றமும் நடப்பதைக் கவனித்திருக்கிறேன். தலைச்சுமை பெண்ணின் வேலை என்று ஒதுங்கி நின்ற ஆண்கள், சக்கரம் வந்ததும் தாங்களே தள்ளிக்கொண்டு வருகிறார்கள். ஏன் என்று ஆராய்வதைவிட, அது நடக்கட்டும் என்று விடுவது மேல். சுமை வீட்டில் எல்லோருக்குமானால் நல்லதுதான்.

ஐ.டி.ஐ.யில் படிக்கும் தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்குப் பயிற்சிக்காக வெட்டி ஒட்டிவிட்டு ஒதுக்கிப் போடும் இரும்பு ஒவ்வொரு பருவத்திலும் இருக்கிறது. பட்டறை உரிமையாளர்களே, உங்கள் கடையோரத்தில் ஆங்கிள் துண்டும் பழைய காஸ்டரும் துருப்பிடித்துக் கிடக்கின்றன. இந்தக் கூட்டம் முடிந்ததும் வெளியே போய்விடாதீர்கள். பின் வரிசையில் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்த அக்காமார் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு பட்டறையும் ஒருவரிடம் போய், அவர் வீட்டு வழி எப்படி, தரை எப்படி, எந்த விறகு, எவ்வளவு உயரம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மழைக்கு முன்னால் ஒரு வண்டி செய்து கொடுங்கள்.